நிலநடுக்கமே இல்லாமல் சுனாமி வருமா? டோங்கா 2022 பற்றி ஒரு சந்தேகம்

அக்கரைப்பேட்டையான்:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று டீக்கடையில் ஒரு வாக்குவாதம், தீர்ப்பு கேட்டு இங்கே வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் சுனாமி என்றால் 2004 டிசம்பர் 26, அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தரை ஆடும், அப்புறம் கடல் வரும், நாங்கள் படித்த பாடம் இதுதான். நேற்று என் மச்சான், கப்பலில் வேலை பார்ப்பவன், லீவுக்கு வந்தவன், தென்பசிபிக் தீவு நாடான டோங்காவில் நிலநடுக்கமே இல்லாமல் எரிமலை வெடித்துச் சுனாமி வந்தது, அது ஜப்பான் வரைக்கும் பெரு வரைக்கும் போனது என்று அடித்துப் பேசுகிறான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீருக்குள் வெடி போட்டால் குளத்தில் கல்லெறிந்த மாதிரி சுற்றி ஒரு வட்டம் கிளம்பும், கொஞ்ச தூரம் போய் அடங்கிவிடும். பத்தாயிரம் கிலோமீட்டர் எப்படிப் போகும்? இதைவிட இன்னொன்று சொன்னான்: ஜப்பானில் அலை வரவேண்டிய நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டதாம். கடல் அலைக்கும் தட்கல் இருக்கிறதா என்ன?

பாறைப்பித்தன்:
மச்சான் சொன்னது சரி. நீங்கள் சொன்ன குளத்துக் கல்லும் முக்கால்வாசி சரிதான், அதனால்தான் இந்த விஷயத்தில் எங்கள் ஆட்களே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நான் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரி 15. எரிமலையின் பெயர் ஹுங்கா டோங்கா – ஹுங்கா ஹாப்பாய். டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவுக்கு வடக்கே சுமார் 65 கிமீ தூரத்தில் கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் மலை. வெளியே தெரிந்தது அதன் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சின்னத் தீவுகள் மட்டும். 2014-15இல் கக்கிய சாம்பல் அந்த இரண்டையும் ஒட்டவைத்து ஒரே தீவாக்கியது. 2021 டிசம்பர் 20 முதல் மறுபடி புகைய ஆரம்பித்து, ஜனவரி 15 மாலை ஐந்தேகால் மணிக்கு வெடித்தது. சாம்பல் தூண் 57 கிமீ உயரம் போனது. விமானம் பறப்பது பத்துப் பன்னிரண்டு கிமீ, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெடிப்புக்கு முன்னால் அந்தப் பெருவாய் (நாங்கள் கால்டெரா என்போம்) கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 150 மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. பிறகு அளந்தபோது ஆழம் 850 மீட்டர். உள்ளே இருந்த மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) காலியானதும் கூரை இடிந்து உள்ளே விழுந்திருக்கிறது. ஆறு கன கிலோமீட்டருக்கு மேல் பாறை அந்த இடத்தில் இப்போது இல்லை. தண்ணீரை அசைக்க இது போதாதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், உலக நிலநடுக்கக் கருவிகள் இந்த வெடிப்புக்குக் கொடுத்த அளவு 5.8தான். அந்த அளவில் நிலநடுக்கம் வந்தால் சுனாமி மையங்களில் யாரும் பதறமாட்டார்கள்.

அக்கரைப்பேட்டையான்:
5.8ஆ? 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமத்ரா பக்கம் 8.6. எங்கள் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது, சென்னையில் மெரினாவைக் காலி செய்தார்கள். கடைசியில் ஒன்றும் வரவில்லை.

பாறைப்பித்தன்:
அதேதான். அன்றைக்குக் கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உரசின, கடலடி மேலே கீழே பெரிதாக நகரவில்லை, அதனால் 8.6க்கும் பெரிய அலை இல்லை. இங்கே 5.8க்குப் பசிபிக் முழுக்க அலை. சுனாமிக்கு நடுக்கம் எவ்வளவு என்பது கணக்கில்லை, தண்ணீர் எவ்வளவு நகர்ந்தது என்பதே கணக்கு. நம் எச்சரிக்கை முறைகள் நடுக்கத்தைக் கேட்டுத்தான் முதலில் கண் விழிக்கின்றன. அங்கேதான் ஓட்டை.

வானம்பார்த்தவன்:
இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. அன்றைய தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாட்டுப் பொங்கல். மறுநாள் ஞாயிறு முழு ஊரடங்கு, காணும் பொங்கலுக்கு எங்கேயும் போக முடியாது என்று வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். நான் மொட்டைமாடியில் ஒரு சின்ன வானிலைப் பெட்டி வைத்திருக்கிறேன், வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அது நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும். இரவு எட்டரை மணி வாக்கில் அழுத்தக் கோடு திடீரென்று ஒரு துள்ளு துள்ளிவிட்டு இறங்கியது. மழை இல்லை, இடி இல்லை, மேகம்கூட இல்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன், சத்தியமாக.

அப்புறம்தான் ட்விட்டரில் மற்ற ஆர்வலர்களும் அதே நேரத்தில் அதே துள்ளலைப் போட்டிருந்ததைப் பார்த்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டோங்கா வெடித்தது நம் நேரம் காலை 9:45. சென்னைக்குத் தூரம் சுமார் 12,000 கிமீ. காற்றில் போகும் அழுத்த அலையின் வேகம் வினாடிக்கு 310 மீட்டர் சொச்சம். வகுத்துப் பார்த்தால் பத்தே முக்கால் மணி நேரம். 9:45உடன் கூட்டினால் இரவு எட்டரை! மறுநாள் காலை பதினொரு மணியை ஒட்டி இன்னொரு சின்னத் துள்ளல், அது உலகத்தை அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. பசிபிக் நடுவில் வெடித்த எரிமலை என் மாடியில் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. அந்த வரைபடத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன், என் மனைவிக்கு அது ஏன் சுவரில் இருக்கிறது என்று இன்னும் புரியவில்லை.

பாறைப்பித்தன்:
உங்கள் சுவரில் ஒட்டியிருப்பதுதான் அந்தத் 'தட்கல்' டிக்கெட். அதன் பெயர் லாம்ப் அலை, ஹோரஸ் லாம்ப் என்ற கணித அறிஞரின் பெயரால். வளிமண்டலம் தரையிலிருந்து மேல்வரை மொத்தமாக ஒரே மூச்சாக அமுங்கி விரிந்தபடி போகும் அலை. டோங்காவின் அந்த அலை பூமியைப் பல முறை சுற்றியது.

சரி, அது ஏன் முந்தியது? கடல் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 4,000 மீட்டர் ஆழம் என்றால் வினாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிமீக்குக் கொஞ்சம் மேல். காற்றழுத்த அலை வினாடிக்கு 310, மணிக்கு 1,100க்கு மேல். அது போகும் வழியெல்லாம் கடலின் மேற்பரப்பை அமுக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. எரிமலை வாயிலிருந்து கிளம்பிய தண்ணீர் அலை இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே, ஜப்பான் கரைக்குப் பக்கத்திலேயே காற்று புதிதாக ஓர் அலையைப் பெற்றுப் போட்டுவிட்டது. ஆக, பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவந்தது முழுக்க உங்கள் குளத்து வட்டம் இல்லை. கல்லெறிந்தவன் கரையோரமாக ஓடிக்கொண்டே தண்ணீரைத் தட்டிக்கொண்டும் வந்திருக்கிறான்.

கரீபியன் கடலிலும் மத்தியதரைக் கடலிலும்கூட அளவுமானிகளில் சின்ன அலைகள் பதிவாயின. டோங்காவிலிருந்து தண்ணீர் வழியாக மட்டும் அங்கே போவதென்றால் கண்டங்களைச் சுற்றிப் போகவேண்டும். நடுவில் இருந்த அமெரிக்கக் கண்டத்தைக் காற்று தாண்டிக் குதித்துவிட்டது.

கேள்வியின்_நாயகி:
ஒரு நிமிடம் சார். நான் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் டீச்சர், கணக்கு இடிக்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் மாறினால் கடல் மட்டம் மாறுவது ஒரு சென்டிமீட்டர். ஜப்பானில் அழுத்தம் ஏறியது இரண்டு ஹெக்டோபாஸ்கல் அளவு. அப்படியானால் இரண்டு சென்டிமீட்டர். அமாமி தீவில் 1.2 மீட்டர் அலை பதிவானதாகப் படித்தேன். இரண்டு சென்டிமீட்டர் எப்படி ஒன்றேகால் மீட்டர் ஆனது?

பாறைப்பித்தன்:
இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு, டீச்சர்.

முதல் விஷயம், அந்த இரண்டு சென்டிமீட்டர் அழுத்தம் ஒரே இடத்தில் நிற்கும்போது. நகர்ந்துகொண்டே அமுக்கினால் கணக்கு வேறு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஒவ்வொரு தள்ளுக்கும் உயரம் கூடும் இல்லையா? காற்றழுத்தம் போகும் வேகமும், அந்த ஆழத்தில் தண்ணீர் அலை இயல்பாகப் போகும் வேகமும் நெருங்கி வந்தால், அலை தன்னைத் தள்ளுகிறவனோடு சேர்ந்தே ஓடி ஆற்றலை வாங்கிக்கொண்டே வளரும். பிரவுட்மன் ஒத்ததிர்வு என்று பெயர். 310 மீட்டர் வேகத்துக்குப் பொருந்தும் ஆழம் எவ்வளவு என்று உங்கள் மாணவர்களையே கேளுங்கள், 9,800 மீட்டர் வரும். அவ்வளவு ஆழம் ஆழ்கடல் அகழிகளில்தான் உண்டு, டோங்கா அகழி 10,800 மீட்டர். பசிபிக்கில் பெரும்பாலான இடங்களில் பொருத்தம் முழுசாக இல்லை, ஆனாலும் ஆழ்கடலில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலேயே எழுந்தது.

அடுத்து, ஆழத்திலிருந்து கரைக்கு வரும்போது அலை வேகம் குறைந்து உயரம் கூடும். 4,000 மீட்டரிலிருந்து 4 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் ஐந்தரை மடங்கு. கடைசியாக, ஒவ்வொரு வளைகுடாவுக்கும் துறைமுகத்துக்கும் சொந்தமாக ஓர் ஆட்ட நேரம் உண்டு. பித்தளை அண்டாவில் தண்ணீரை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டினால் விளிம்பைத் தாண்டி வழியும். வந்த அலையின் நேரமும் துறைமுகத்தின் நேரமும் ஒத்துப்போன இடத்தில் அலை உயர்ந்தது, பக்கத்து ஊரில் ஒன்றுமே தெரியவில்லை.

கேள்வியின்_நாயகி:
9,800. சரியாக வருகிறது. நாளைக்கு வகுப்பில் போடுகிறேன். அண்டா உதாரணத்தையும் திருடிக்கொள்கிறேன்.

கொதிகலன்:
நான்தான் அந்த மச்சான். லிங்க் அனுப்பிவிட்டு 'இங்கே வந்து பேசு' என்கிறான்.

ஜப்பான் வானிலைத் துறை அன்றைக்குப் பட்டபாடு தனிக்கதை. அவர்கள் நேரப்படி மதியம் 1:15க்கு வெடிப்பு. இரவு ஏழு மணிக்குக் கடலில் லேசான மாற்றம் இருக்கலாம், சேதம் வராது என்றார்கள், தீவுகளில் அதுவரை பதிவானதை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். எட்டு ஒன்பது மணிக்கே அலை வர ஆரம்பித்தது. நள்ளிரவு 12:15க்குத்தான் எச்சரிக்கை. கொச்சி மாகாணத்தில் (நம்ம கொச்சி இல்லை, ஜப்பான் கொச்சி) மீன்பிடிப் படகுகள் கவிழ்ந்தன. வந்தது என்ன, ஏன் இந்த நேரத்தில் வந்தது என்று அந்த இரவில் அவர்களுக்கே புரியவில்லை. அதை வெளிப்படையாகச் சொன்னார்கள், அதற்கு ஒரு மரியாதை.

பெருவில் இன்னும் மோசம். அங்கே எச்சரிக்கையே விடவில்லை. கடற்கரையில் இரண்டு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். லிமாவுக்குப் பக்கத்தில் லா பாம்பியா சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்த டேங்கர் அலையில் ஆட, பத்தாயிரம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் இறக்கும்போது கப்பல் எப்படி நிற்கும் தெரியுமா? நாலா பக்கமும் வடம் கட்டி, நடுவில் குழாய் மாட்டி, ஒரு மீட்டர் இப்படி அப்படி நகர்ந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். நடுக்கடலில் சுனாமி எங்கள் கப்பலுக்கு அடியில் போனால் எனக்குத் தெரியவே தெரியாது, டீ கோப்பைகூட ஆடாது. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்போது வந்தால்தான் ஆபத்து.

அக்கரைப்பேட்டையான்:
மச்சான், டீ காசு நான் தருகிறேன். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. டோங்காவில் எத்தனை பேர் செத்தார்கள்? எரிமலை 65 கிமீ, சும்மா கூப்பிடு தூரம். 2004இல் எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். அங்கே ஒரு தீவே காலியாகி இருக்கவேண்டுமே?

பாறைப்பித்தன்:
ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அலை சில இடங்களில் 15 மீட்டர் உயரம் ஏறியது. மேங்கோ என்ற தீவில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை, ஃபோனோய்ஃபுவாவில் இரண்டே வீடுகள். அப்படியும் உயிரிழப்பு அவ்வளவுதான். மக்கள்தொகை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, முந்தின நாளிலிருந்தே எரிமலை உறுமிக்கொண்டிருந்தது, ஜனங்கள் உஷாராக இருந்தார்கள். பெரிய வெடி கேட்டதும் சைரனுக்காக யாரும் காத்திருக்கவில்லை, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அந்தச் சத்தம் அலாஸ்கா வரைக்கும் கேட்டது, சுமார் 10,000 கிமீ. பக்கத்தில் இருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே உலகத்துக்கு உடனே தெரியவில்லை. நாட்டின் ஒரே சர்வதேசக் கடலடிக் கேபிள் அறுந்துவிட்டது. வெடிப்பில் மேலே போன சாம்பலும் கல்லும் திரும்பச் சரிந்து கடலுக்குள் விழுந்து, மலைச்சரிவில் தண்ணீருக்கு அடியிலேயே மணிக்கு 122 கிமீ வேகத்தில் ஓடியிருக்கிறது. அறுத்தது அதுதான். சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த டோங்காக்காரர்கள் அம்மா அப்பா இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நாட்கணக்கில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மட்டக்களப்பு_மைந்தன்:
இதை வாசிக்கப் பழைய கதை ஒன்று ஞாபகம் வருகுது. இது முதல்முறை இல்லை, 1883 ஆகஸ்ட் 27இல் இந்தோனேசியாவில் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோதும் இதேதான். அந்த அலை இலங்கைக்கும் வந்தது. காலியில் கடல் உள்வாங்கிப் பிறகு திரும்பி வந்ததைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கட கிழக்குக் கரையில், அறுகம்பைக்குத் தெற்கே பாணமையில் ஒரு பெண் அந்த அலையில் அடிபட்டு இறந்துபோனா. எரிமலை இருந்த இடத்துக்கும் பாணமைக்கும் 3,000 கிமீ. அந்த மனுசிக்கு ஜாவாவின் பேராவது தெரிந்திருக்குமா?

2004இல் எங்கட பக்கம் என்ன நடந்தது என்று இங்கே கதைக்க வேண்டாம். ஆனால் 121 வருடத்துக்கு முதலே அதே கரைக்கு அதே கடல் வந்திருக்கிறது. நாங்கள் யாருமே அதைக் கேள்விப்பட்டதில்லை, பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆற்றாமை.

வானம்பார்த்தவன்:
அண்ணா, நம் பக்கமும் பதிவு உண்டு. அப்போது மேஜர் பெய்ர்டு என்பவர் இந்தியத் துறைமுகங்களின் அலைமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆகஸ்ட் 27, 28 பதிவுகளைத் திரட்டி 1884இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிக்கை கொடுத்தார். சென்னை, நாகப்பட்டினம் கருவிகள் கிறுக்கிய கோடுகளும் அதில் உண்டு. அந்தக் கருவி எளிமையானது: கிணறு மாதிரி ஒரு குழாய், அதற்குள் மிதவை, மிதவையில் கம்பி, கம்பி முனையில் பென்சில், சுற்றும் உருளையில் காகிதம். வழுவழுவென்று போகவேண்டிய ஏற்றவற்றக் கோட்டில் ரம்பப் பல் மாதிரி வெட்டு வெட்டாக வந்திருந்தது.

கிரகத்தோவாவிலும் காற்றலை உலகத்தைச் சுற்றியது. பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எரிவாயுத் தொழிற்சாலையின் அழுத்தமானி அளவை மீறித் துள்ளியது. ஆங்கிலக் கால்வாய் வரைக்கும் அலைமானிகளில் ஏதோ அசைவு தெரிந்தது, தண்ணீர் வழியாக அங்கே போய்ச்சேர முடியாத நேரத்தில். அதற்குக் காற்றுதான் காரணம் என்று 1950களிலும் 60களிலும் காட்டினார்கள். ஆக, டோங்கா கற்பித்தது பழைய பாடம். நடுவில் மறந்துபோய்விட்டது.

அக்கரைப்பேட்டையான்:
நாகப்பட்டினத்தில் பதிவாகியிருக்கிறதா? இது இங்கே யாருக்குத் தெரியும்! நான் பிறந்து வளர்ந்த ஊர், இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

பாறைப்பித்தன்:
கிரகத்தோவாவில் காற்றலை ஒரு பக்கம் இருக்கட்டும், ஆட்களைக் கொன்றது பக்கத்துக் கரைகளில் 30 மீட்டருக்கு மேல் ஏறிய தண்ணீர். டச்சு அரசாங்கக் கணக்கு 36,417 பேர், அதில் மிகப்பெரும்பாலானோர் அலையில் போனவர்கள். பெரோ என்ற நீராவிக் கப்பலைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போட்டது. அங்கே அலையை எழுப்பியது எது என்று இன்றும் சண்டை நடக்கிறது. கால்டெரா இடிந்ததா, வெடியா, கொதிக்கும் சாம்பல் வெள்ளம் மலையிலிருந்து சரிந்து கடலைத் தள்ளியதா? மூன்றாவதன் பக்கம்தான் பலர் சாய்கிறார்கள், நானும். சாம்பல் லேசானது என்று நினைக்காதீர்கள், கல்லும் காற்றுமாகச் சேர்ந்து விரைவு ரயில் மாதிரி வந்து கடலில் இறங்கினால் அது தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும்.

அலைவீச்சு_ராஜா:
இவ்வளவு பேசுகிறீர்கள், அந்தமானில் இருக்கும் பேரன் (Barren) தீவு எரிமலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? எனக்கு வாட்ஸாப்பில் வந்தது: "பேரன் வெடித்தால் 40 நிமிடத்தில் சென்னை மூழ்கும்." அரசாங்கம் மறைக்கிறது. பகிருங்கள்.

பாறைப்பித்தன்:
ராஜா, பகிரவேண்டாம். கணக்கைப் பார்ப்போம்.

பேரன் தீவு இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை, கடல்மட்டத்துக்கு மேல் 350 மீட்டர் சொச்சம். 1991இல் மறுபடி விழித்து அன்றிலிருந்து விட்டுவிட்டுப் புகைகிறது. பெரும்பாலும் சாதுவாகக் குழம்பு வழியவிடும், சாம்பல் துப்பும். சென்னைக்குத் தூரம் கிட்டத்தட்ட 1,450 கிமீ. மணிக்கு 700 கிமீ என்று வைத்தாலே இரண்டு மணி நேரம், 40 நிமிடம் எங்கிருந்து வந்தது? அதோடு பேரன் இருப்பது அந்தமான் தீவுகளுக்குக் கிழக்கே, நாம் இருப்பது மேற்கே. நடுவில் அந்தமான் தீவுத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. சந்துகள் வழியாகக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான்.

அக்கரைப்பேட்டையான் முதலில் சொன்ன குளத்துக் கல் இங்கே கைகொடுக்கும். 2004இல் கிழிந்த கடலடியின் நீளம் 1,200 கிமீக்கு மேல். அவ்வளவு நீளத்துக்குக் கடல் மொத்தமாகத் தூக்கப்பட்டால் அலையின் நீளமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், அது களைக்காமல் ஓடும். எரிமலை ஒரு புள்ளி. அதிலிருந்து கிளம்புவது குட்டையான அலை, பக்கத்தில் பயங்கர உயரம், தூரம் போகப்போகச் சிதறிப்போகும். டோங்கா தூரம் எட்டியது காற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டதால்தான், அந்த மாதிரி வெடிப்பு நூறு வருடத்துக்கு ஒன்று.

ஆனால் போர்ட்பிளேர் வேறு கதை. பேரனிலிருந்து 140 கிமீ, கிழக்குக் கரையில் நேர் எதிரே. அங்கே மலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தால் அலை போய்ச்சேர என் கணக்கில் கால் மணி, இருபது நிமிடம். பயப்படுகிறவர்கள் அந்த ஊருக்காகப் பயப்படலாம், அதில் அர்த்தம் இருக்கிறது.

அலைவீச்சு_ராஜா:
எரிமலை வெடிக்காமல் சரிந்தாலே அலை வருமா? கதை விடாதீர்கள் சார்.

கொதிகலன்:
2018 டிசம்பர் 22 கேள்விப்பட்டதில்லையா? சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே இருக்கும் சுந்தா நீரிணை நான் அடிக்கடி போகும் வழி. கிரகத்தோவா இடிந்த குழியிலேயே 1927இல் தலைகாட்டிய குட்டி மலை அது, அனக் கிரகத்தோவா, கிரகத்தோவாவின் பிள்ளை என்று அர்த்தம். இரவில் அந்தப் பக்கம் போகும்போது கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்ப்போம், சிவப்பாக மினுக்கும். மாதக்கணக்கில் அப்படித்தான் பொரிந்துகொண்டிருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தென்மேற்குப் பக்கம் அப்படியே கடலுக்குள் சரிந்தது. 338 மீட்டர் உயரமிருந்த மலை அடுத்த சில நாட்களில் 110 மீட்டர் ஆனது.

அரைமணி நேரத்தில் ஜாவா கரையில் அலை. கடற்கரையில் மேடை போட்டு ஒரு இசைக்குழு பாடிக்கொண்டிருந்தது, பின்னாலிருந்து வந்த தண்ணீர் மேடையோடு தள்ளிக்கொண்டு போனது, அந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். 437 பேர் இறந்தார்கள். எந்த எச்சரிக்கையும் இல்லை. முதலில் அதிகாரிகளே இது பௌர்ணமி நேரத்துக் கடல் ஏற்றம், சுனாமி இல்லை என்றார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். தரை ஆடினால்தானே அவர்களின் கருவி கத்தும்?

பாறைப்பித்தன்:
இதில் என்னை உறுத்துவது வேறு. அந்தப் பக்கம் சரிந்தால் என்ன ஆகும் என்று 2012லேயே கணக்குப் போட்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது. தென்மேற்குச் சரிவு என்பது உட்பட.

ஜப்பானில் இதைவிட விசித்திரம் ஒன்று. 2015 மே மாதம் சுமிசு என்ற கடலடி எரிமலையில் 5.7 அளவில் ஒரு நடுக்கம், வெடிப்பு கிடிப்பு எதுவும் இல்லை. கால்டெராவின் தரை நிலவறைக் கதவு மாதிரி ஒரு பக்கம் மேலே எம்பிவிட்டது, கீழே மாக்மாவின் நெருக்கம். ஹச்சிஜோ தீவில் அரை மீட்டருக்கு மேல் அலை. அந்த அளவு நடுக்கத்துக்கு அது வரவே கூடாது.

கொதிகலன்:
ஜப்பான் என்றதும் இன்னொன்று. 1952இல் மியோஜின் என்ற கடலடி எரிமலையை ஆராயப்போன கப்பல் கையோ மாரு, வெடிப்பில் மாட்டி 31 பேரோடு காணாமல் போனது. எரிமலை கொதிக்கும் இடத்தில் கடல் நிறம் மாறியிருக்கும், நுரைக்கல் மிதக்கும். டோங்கா வெடிப்புக்கு அப்புறம் அந்தப் பகுதிக்குப் போன எங்கள் ஆட்களுக்கு நுரைக்கல் எஞ்சின் குளிர்நீர்க் குழாயை அடைக்கும், வடிகட்டியைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ஆணை வந்தது. எங்களுக்கு எரிமலை என்றால் அந்த வடிகட்டிதான் ஞாபகம் வரும்.

கேள்வியின்_நாயகி:
அப்படியானால் ஹைதராபாத்தில் இருக்கும் நம் சுனாமி எச்சரிக்கை மையம் என்ன செய்யும்? அதுவும் நடுக்கத்தை வைத்துத்தானே?

வானம்பார்த்தவன்:
முதல் மணி அடிப்பது நடுக்கம்தான் டீச்சர். 2007 அக்டோபரில் ஆரம்பித்த மையம் அது. நடுக்கம் பதிவானதும் கணினியில் முன்கூட்டியே போட்டு வைத்த கணக்குகளில் பொருந்துவதை எடுத்து, அப்புறம் கடலடி அழுத்தமானிகளிலும் துறைமுக அலைமானிகளிலும் உண்மையாகவே அலை வந்ததா என்று சரிபார்ப்பார்கள். நடுக்கமே இல்லாமல் அலை வந்தால் பின்னால் இருக்கும் அந்த அலைமானிகள்தான் முதல் சாட்சி, அதற்குள் ஒரு கரை நனைந்திருக்கும். டோங்காவுக்குப் பிறகு ஜப்பான் தன் நடைமுறையை மாற்றியது, வெளிநாட்டில் பெரிய எரிமலை வெடித்தாலே தகவல் விடுகிறார்கள், காற்றழுத்தத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் என் மாடிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் வரிசையில் வாருங்கள்.

அலைவீச்சு_ராஜா:
சரி, அந்த மெசேஜை அழித்துவிட்டேன். ஏழு குரூப்பில் போட்டிருந்தேன், ஐந்தில்தான் அழிக்க முடிந்தது.

மட்டக்களப்பு_மைந்தன்:
மற்ற இரண்டுக்கும் இந்த இழையை அனுப்பிவிடுங்கோ தம்பி.

அக்கரைப்பேட்டையான்:
எல்லோருக்கும் நன்றி. மத்தியானம் சாப்பிடும்போது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். 2004இல் மீன் காயவைத்துக்கொண்டிருந்தவள், தென்னையைப் பிடித்துத் தப்பியவள். டோங்கா, காற்று, கிரகத்தோவா எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "நெலம் ஆடாமலும் வருமாடா?" என்றாள். ஆமாம்மா, அதுதான் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றேன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "அன்னைக்கு மட்டும் எனக்கு என்ன ஆட்டம் தெரிஞ்சுது? நான் மீனைத்தான் புரட்டிப் போட்டுக்கிட்டிருந்தேன்."